உலகமே கத்தியது, விலை குறைந்ததா? டர்பனிலிருந்து ஒரு ஸ்விட்ச் 2 கணக்கு

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து பீனிக்ஸில் இருக்கும் ஒரு அக்கா எழுதிக் கேட்டது இது: "பையனுக்கு 13 வயது. நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 என்ற கேம் கன்சோல் வேண்டும் என்று மாதக்கணக்காக நச்சரிக்கிறான். 'விலையைக் குறை என்று உலகம் பூராவும் கத்துகிறார்கள், கொஞ்சம் பொறு, தானாகக் குறையும்' என்கிறார் அவன் அப்பா. 'பொறுத்தால் ஏறத்தான் செய்யும்' என்கிறான் அவன். யார் சொல்வது சரி? அந்தப் பணத்துக்கு அது தகுமா?"

அக்கா, இந்த வழக்கில் சாட்சி எல்லாம் உங்கள் பையன் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அவனிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள், கடைசிவரை படியுங்கள். நான் டர்பன் துறைமுகத்தில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் வேலை பார்க்கிறவன். மின்சாமான் பெட்டிகளின் பில்லும் வரிக் காகிதமும் என் மேசை வழியாகப் போகின்றன. வீட்டுக்குப் போனால் நானும் கேம் ஆடுகிற ஆள்தான். அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் அந்தக் கூச்சல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 2025 ஏப்ரல் 2ஆம் தேதி நிண்டெண்டோ ஒரு மணி நேர வீடியோ ஒன்றை வெளியிட்டது. புது கன்சோல், அதில் ஆட புது மாரியோ கார்ட், புது டாங்கி காங் கேம்கள், எல்லாம் காட்டினார்கள். விலையை மட்டும் வாயே திறக்கவில்லை. வீடியோ முடிந்த பிறகு ரசிகர்களே இணையப் பக்கங்களைத் துழாவித்தான் கண்டுபிடித்தார்கள்: கன்சோல் 449.99 டாலர், மாரியோ கார்ட் வேர்ல்ட் 79.99 டாலர். ஐரோப்பாவில் அதே கேம் டவுன்லோடாக 79.99 யூரோ, கடையில் விற்கும் கேம் கார்டாக 89.99 யூரோ. மறுநாள் கேம்களை ஆடிக்காட்டும் நேரலை நடந்தபோது, பக்கத்தில் ஓடிய அரட்டைப் பெட்டி முழுக்க "விலையைக் குறை, விலையைக் குறை" என்ற ஒரே வரிதான். ஆடிக்காட்டியவர்கள் அதைப் பார்க்காதது போலச் சிரித்துக்கொண்டே ஆடினார்கள். பாவமாகத்தான் இருந்தது.

அதே ஏப்ரல் 2ஆம் தேதிதான் அமெரிக்க அதிபர் டிரம்ப் எல்லா நாட்டு இறக்குமதிக்கும் புது வரி அறிவித்தார். அமெரிக்காவில் 9ஆம் தேதி தொடங்கவிருந்த முன்பதிவை நிண்டெண்டோ தள்ளிவைத்து 24ஆம் தேதிதான் தொடங்கியது. இதனால் 'விலை ஏறியதே அந்த வரியால்தான்' என்று நிறையப் பேர் இன்றைக்கும் நம்புகிறார்கள். அந்த விலை வரி அறிவிப்புக்கு முன்பே முடிவானது. நம் ஊருக்கு வருகிற பெட்டி அமெரிக்கா வழியாக வருவதும் இல்லை. நிண்டெண்டோவின் வரைபடத்தில் தென்னாப்பிரிக்கா ஐரோப்பியக் கிளையின் கீழே இருக்கிறது.

மக்கள் கொதித்தது கன்சோலின் விலையைப் பார்த்து அல்ல. 450 டாலர் அதிகம்தான், ஆனால் எதிர்பார்த்த அதிகம். 80 டாலர் கேம்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. கன்சோல் ஒருதரம் வாங்குவது. கேம் ஆறேழு வருடத்துக்கு வாங்கிக்கொண்டே இருப்பது. போதாக்குறைக்கு, கன்சோலை எப்படிப் பயன்படுத்துவது என்று சுற்றிக்காட்டும் 'வெல்கம் டூர்' என்ற சின்ன கேமுக்கும் 9.99 டாலர் வைத்தார்கள். புதுவீடு கட்டிக்கொடுத்துவிட்டு, அறைகளைச் சுற்றிக்காட்டக் கூலி கேட்ட மாதிரி. தொகை சின்னது, குத்தல் பெரியது.

அப்புறம் நிண்டெண்டோவின் அப்போதைய அமெரிக்கத் தலைவர் டக் பௌசர் ஒரு பேட்டியில், புதியதை வாங்க முடியாதவர்களுக்குப் பழைய ஸ்விட்ச் இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். இதைக் கேட்டதும் பழைய ஆட்களுக்கு 2013 ஞாபகம் வந்தது. அப்போது எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற தங்கள் புது கன்சோலை நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணைக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டு, இணைப்பு இல்லாதவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்றார் மைக்ரோசாஃப்டின் டான் மேட்ரிக். அந்தத் தலைமுறை முழுக்க எக்ஸ்பாக்ஸ் சோனியின் பிளேஸ்டேஷன் 4க்குப் பின்னால்தான் ஓடியது. பௌசர் கைகாட்டிய அந்தப் பழைய ஸ்விட்சுக்கும் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் விலையை ஏற்றிவிட்டார்கள் என்பது தனிக் கதை. எட்டு வருடப் பழைய கன்சோல் 299.99இலிருந்து 339.99 ஆனது.

சரி, இவ்வளவு கத்தியும் என்ன நடந்தது? ஜூன் 5 அன்று கடைக்கு வந்தது. நாலே நாளில் 35 லட்சம் விற்றது. நிண்டெண்டோவின் சரித்திரத்தில் எந்தக் கன்சோலும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை. செப்டம்பர் முடிவில் ஒரு கோடியே மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. 2026 மார்ச்சுக்குள் ஒன்றரைக் கோடி விற்கும் என்று முதலில் சொல்லியிருந்தவர்கள், அதை ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் என்று உயர்த்தினார்கள். இப்படி விற்கிற பொருளின் விலையை எந்த முதலாளி குறைப்பான்?

இதை வைத்து 'கத்தியவர்களே ஓடிப்போய் வாங்கினார்கள்' என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் வாரம் வாங்குகிறவன் எந்த விலை வைத்தாலும் வாங்குகிறவன். அரட்டையில் கத்தியவர்களில் பெரும்பகுதி, இரண்டாவது மூன்றாவது வருடம் வாங்கலாம் என்று காத்திருப்பவர்கள். அவர்களுடைய கோபம் கணக்கில் ஏற இன்னும் நாளாகும்.

கத்தினால் குறையவே குறையாது என்றும் சொல்ல மாட்டேன். 2011இல் நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. வாங்க ஆள் இல்லை. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்டில் 169.99க்கு இறக்கினார்கள். முன்னாலேயே முழு விலை கொடுத்தவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போதைய தலைவர் சதோரு இவாதா தன் சம்பளத்தையே பாதியாகக் குறைத்துக்கொண்டார். அங்கே பேசியது ரசிகர் அல்ல, கிடங்கில் தேங்கிய பெட்டி. மைக்ரோசாஃப்ட் கதையும் அதேதான்: 2025 மே மாதம் இனிமேல் எங்கள் சில புது கேம்களும் 79.99 டாலர் என்றார்கள், ஜூலையில் பின்வாங்கி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 கேமை 69.99க்கே கொடுத்தார்கள். அவர்களுடைய கன்சோல் விற்பனை அப்போது சரிந்துகொண்டிருந்தது. விற்பனை ஏறிக்கொண்டிருந்த நிண்டெண்டோ பின்வாங்கவில்லை.

அதனால் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது 20 வருடம் முன்னால் சரியான பேச்சு. பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு வந்து, 2002இல் 199 ஆகி, 2009இல் 99க்கு இறங்கியது. வருடம் ஆக ஆக சிப்பு சின்னதாகும், செய்கூலி குறையும், விலையும் இறங்கும். அந்தச் சக்கரம் இப்போது நின்றுவிட்டது. பிளேஸ்டேஷன் 5 2020இல் 499.99 டாலர். ஐந்து வருடம் கழித்து, 2025 ஆகஸ்டில், 549.99. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499இலிருந்து ஒரே வருடத்தில் இருமுறை ஏறி 649.99. 2025 கடைசியில் மெமரி சிப் விலை எகிறிய எகிறலைப் பார்த்தால் கன்சோல் மலிவாகும் என்று நம் தென்னாப்பிரிக்கக் காசில் ஒரு ரேண்ட்கூட நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

80 டாலர் நியாயமா? கம்பெனிகளும் அவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் ஒரு கணக்குச் சொல்வார்கள். 2005 வாக்கில் ஒரு கேம் 60 டாலர், பணவீக்கத்தைச் சேர்த்தால் அது இன்றைய 98 டாலருக்குச் சமம், அப்படிப் பார்த்தால் 80 மலிவு என்பார்கள். செலவும் ஏறியிருக்கிறது, பொய் இல்லை. 'லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற கேமின் இரண்டாம் பாகத்துக்குச் சுமார் 22 கோடி டாலர் ஆனதாக 2023இல் ஒரு அமெரிக்க வழக்கில் சரியாக மறைக்கப்படாத காகிதத்தில் வெளியானது. ஆனால் மாரியோ கார்ட் அந்த ரகம் இல்லை. இதற்கு முந்தைய மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் ஆறு கோடிக்கு மேல் விற்றது, அதுவும் பெரிதாக விலை குறைக்காமலே. அத்தனை விற்கிற கேமுக்குச் செலவைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முடிகிறது, வைக்கிறார்கள். அவ்வளவுதான். எல்லா கேமும் 80 இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்: டாங்கி காங் பனான்சா 69.99. கன்சோலும் மாரியோ கார்ட்டும் சேர்ந்த பெட்டி வந்தபோது 499.99, அதாவது அந்தப் பெட்டிக்குள் மாரியோ கார்ட்டின் விலை 50 டாலர்தான். கத்தல் ஒருபக்கம் நடக்க, அந்தப் பெட்டியைக் காட்டியே விற்றுவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

சின்னக் குழுக்கள் வேறு பாதையில் போகின்றன. ஆறு வருடத்துக்கு மேல் காக்கவைத்த 'சில்க்சாங்' என்ற கேம் 2025 செப்டம்பரில் 20 டாலருக்கு வந்தது. அன்றைக்கு வாங்க வந்த கூட்டத்தில், கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஸ்டீம் இணையக் கடையும் நிண்டெண்டோவின் இணையக் கடையும் திணறி நின்றன.

இதெல்லாம் டாலர்க்காரர்களின் சண்டை. நமக்கு வேறு கணக்கு இருக்கிறது. முதல் ஸ்விட்ச் 2017 மார்ச்சில் 300 டாலர். அப்போது டாலர் சுமார் 13 ரேண்ட், ஆக 3,900 ரேண்ட். ஸ்விட்ச் 2 வந்தபோது டாலர் சுமார் 18 ரேண்ட். 450ஐப் பெருக்கினால் 8,100. அமெரிக்கன் கண்ணுக்கு விலை ஒன்றரை மடங்கு, நம் கண்ணுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். ஏறிய 4,200 ரேண்டில் 2,700 நிண்டெண்டோ ஏற்றியது, மீதி 1,500 நம் ரேண்ட் சறுக்கியது. அந்த 1,500க்காக யார் நேரலையில் போய்க் கத்துவது?

கேமைப் பாருங்கள். 80 டாலர் என்றால் 1,440 ரேண்ட். ஸ்விட்ச் 2 வந்த 2025இல் இங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ரேண்ட். ஒரு மாரியோ கார்ட்டுக்கு 50 மணி நேரம் உழைக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர், அங்கே அதே கேமுக்கு 11 மணி நேரம். அவர்களே கத்துகிறார்கள் என்றால் டர்பன் சாட்ஸ்வர்த்தில் நாம் என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள். நம் ஊர் 90களில் கோல்டன் சைனா டிவி கேமில் வளர்ந்தது சும்மா இல்லை. அசல் நிண்டெண்டோவைக் கடைக் கண்ணாடியில் பார்ப்பதோடு சரி, வீட்டில் ஓடியது நகல்.

இனி வரி. அமெரிக்க விலை விற்பனை வரி சேராத விலை. நம் கடை விலையில் வாட் என்ற மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம் உள்ளேயே இருக்கிறது: 11,500 ரேண்ட் பொருள் என்றால் அதில் 1,500 அரசாங்கத்துக்கு. அதற்கு மேல் கப்பல் அல்லது விமானக் கூலி, இறக்குமதி செய்தவரின் லாபம், கடைக்காரர் லாபம். 8,100 ஐந்து இலக்கமாவது இப்படித்தான், கடைக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது. டவுன்லோடு வாங்கினால் வாட் தப்பும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2014 ஜூனிலிருந்தே வெளிநாட்டுக் கம்பெனிகள் இணையத்தில் விற்பதற்கும் இங்கே வாட் உண்டு.

'வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மலிவு' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொந்தமாகக் கூரியரில் வரவழைத்தால் சுங்கம் வாட்டை எப்படிப் போடும் தெரியுமா? பொருளின் மதிப்போடு 10 சதவீதத்தைக் கூட்டி, சுங்கத் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, அந்த மொத்தத்துக்கு 15 சதவீதம். 8,100க்கு இந்த வகையில் மட்டும் சுமார் 1,337 ரேண்ட். பிறகு கூரியர்காரரின் கிளியரிங் கட்டணம். கடைக்காரர் இறக்குமதியில் கட்டிய வாட்டைக் கணக்கில் கழித்துக்கொள்வார், நீங்கள் கழிக்க முடியாது. மிச்சம் பிடிக்கிறோம் என்று தொடங்கி, கடைசியில் கடை விலையையே தொட்டுவிட்டு, பழுதானால் காட்ட இடமில்லாமல் நிற்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். இங்கே கடையில் வாங்கினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பழுதுபார்க்கவோ, மாற்றிக் கேட்கவோ, பணத்தைத் திருப்பிக் கேட்கவோ உரிமை உண்டு. அந்த உரிமையை நூறு இருநூறு ரேண்டுக்கு விற்காதீர்கள்.

ஜப்பானிலிருந்து யாராவது வாங்கிவருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். அங்கே ஒரு மலிவு மாடல் விற்கிறார்கள், 2025இல் வந்தபோது 49,980 யென். அது ஜப்பானிய மொழி மட்டும் பேசும், ஜப்பான் கணக்கு மட்டும் ஏற்கும். பல மொழி பேசும் மாடல் அப்போது அங்கேயே 69,980 யென்.

இப்போது பெட்டியின் விலையைத் தாண்டி வரும் செலவு. இதைத்தான் ரசிகர் கூச்சலில் யாரும் சரியாகப் பேசவில்லை என்பது என் குறை. உள்ளே 256 ஜிபி இடம் இருக்கிறது. அது நிறைந்தால் மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகைக் கார்டு வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய மெமரி கார்டில் ஸ்விட்ச் 2 கேமை வைக்க முடியாது. புது வகை விலை கூடுதல். பல வெளிக் கம்பெனிகள் 'கேம்-கீ கார்டு' என்ற ஒன்றை விற்கின்றன. கடையில் டப்பா வாங்குவீர்கள், உள்ளே கார்டும் இருக்கும், ஆனால் கார்டில் கேம் இருக்காது. அது வெறும் சாவி, கேமை முழுதாக டவுன்லோடு செய்ய வேண்டும். அந்த 256 ஜிபி கரைவது இப்படித்தான். டேட்டாவை அளந்து வாங்கும் வீட்டுக்கு இது இரட்டை அடி. டப்பாவின் முன்பக்கத்திலேயே எழுதியிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

நம் மாதிரி ஊரில் கேமின் உண்மையான விலை, வாங்கிய விலையிலிருந்து திருப்பி விற்ற விலையைக் கழித்தது. டவுன்லோடு வாங்கினால் கழிக்க ஒன்றுமில்லை. கார்டாக வாங்கினால், ஆடி முடித்ததும் பழைய கேம் எடுக்கிற கடையில் கொடுத்து இன்னொன்று எடுக்கலாம், கூட்டாளியோடு மாற்றிக்கொள்ளலாம். கேம்-கீ கார்டையும்கூட விற்க முடியும், அது ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்தது. நிண்டெண்டோவின் சொந்த கேம்கள் வருடக்கணக்கில் விலை இறங்காததால் பழையதாக விற்றாலும் நல்ல தொகை கிடைக்கும். பிளேஸ்டேஷன் டிஸ்க் இந்த விஷயத்தில் நேர் எதிர். புதிதாக வந்தபோது வாங்கியதை ஒரு வருடம் கழித்து விற்றால் பாதி வந்தால் பெரிது, ஆனால் பொறுத்து வாங்குகிறவனுக்கு அதே கேம் பிளாக் ஃப்ரைடே தள்ளுபடி விற்பனையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்.

இணைய ஆட்டத்துக்குச் சந்தா உண்டு. 2025இல் நிண்டெண்டோவுடையது அமெரிக்க விலையில் ஒருவருக்கு வருடம் 19.99 டாலர், எட்டுப் பேர் கொண்ட குடும்பத்துக்கு 34.99. பிளேஸ்டேஷனுக்குச் சோனியின் அடிப்படைச் சந்தாவே அப்போது வருடம் 79.99. மூன்று வருடக் கணக்கு போட்டால் இந்த வித்தியாசத்திலேயே இரண்டு கேம் வந்துவிடும். நம் கணக்கில் நாட்டை தென்னாப்பிரிக்கா என்று வைத்தால் கடை ரேண்டிலேயே விலை காட்டும், வாங்கும்போது டாலரில் பெருக்கிப் பயப்பட வேண்டாம்.

கரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 மாதிரி லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்வெட்டு, இப்போது இல்லை, மின்சாரக் கம்பெனி எஸ்காம் புண்ணியத்தில் வராமலே இருக்கட்டும். வந்தால், கையில் வைத்து ஆடும் கன்சோலுக்கு மதிப்பு அப்போதுதான் தெரியும். ஆனால் ஸ்விட்ச் 2இன் பேட்டரி கேமைப் பொறுத்து 2 மணியிலிருந்து 6.5 மணி வரை. ஓஎல்இடி திரை வைத்த பழைய ஸ்விட்ச் 4.5இலிருந்து 9 மணி தாங்கும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது இது. முதலில் பையனிடம், அவன் கூட்டாளிகள் எதில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள். எல்லோரும் பிளேஸ்டேஷனில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தால், ஸ்விட்ச் 2 வந்த மூன்றாவது வாரம் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான், நீங்கள் இன்னொரு கன்சோலுக்கு மனு வாங்குவீர்கள். வீட்டில் தங்கை, அத்தை பிள்ளைகள் என்று சேர்ந்து ஆடுகிற கூட்டம் இருந்தால் மாரியோ கார்ட் சேர்ந்த பெட்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள், நாலு பேர் ஒரே டிவியில் ஆடலாம். வீட்டில் ஏற்கெனவே பழைய ஸ்விட்ச் இருந்தால் அவசரமே இல்லை. அதன் கேம்கள் பெரும்பாலும் புதியதிலும் ஓடும், அதனால் இப்போது பழைய கேம் கார்டு வாங்கிச் சேர்த்தாலும் வீணாகாது.

பட்டியல் விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் ரேண்ட் கொஞ்சம் வலுத்த பிறகு இறங்கும் புதுச் சரக்கும், நவம்பர் பிளாக் ஃப்ரைடேயில் கடைகள் சேர்த்துக் கொடுக்கும் கேமும் காத்திருக்கத் தக்கவை. தீபாவளிக்கு வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தால், 'பெட்டி பிளாக் ஃப்ரைடேயில்' என்று பேசிப் பாருங்கள். சில வாரம்தானே வித்தியாசம், 13 வயதுக்காரன் ஒத்துக்கொள்வான். கேமுக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஒன்றை விற்றால்தான் அடுத்தது என்றும் சொல்லிவிடுங்கள். அவன் அப்பாவிடம், ஸ்விட்ச் 2 விஷயத்தில் பையன் சொன்னதே சரி என்பதை நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும், நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.